ஆறு முகம், ஒரே ஆள்

எங்கள் வீட்டில் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். கம்ப்யூட்டர் எண்ணிப் பார்த்துவிட்டுப் பதினேழு என்றது. அது எண்ணிய நேரத்தில் அறையில் இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திருவனந்தபுரம் சாலைக்கடைப் பக்கம் ஆரியசாலையில் அப்பாவுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. நான் ஊரிலேயே ஒரு கல்லூரியில் பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் முடித்தேன். என்னோடு படித்த பெண்களில் பாதிப் பேர், நர்சிங் எடுத்திருந்தால் இந்நேரம் வெளிநாட்டில் இருந்திருக்கலாமே என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். நான் புலம்பவில்லை. எனக்கு ஊசியைக் கண்டால் ஆகாது.

வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். அதை முதலில் ஆள் யாரும் பார்ப்பதில்லை, மென்பொருள்தான் பார்க்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு எழுந்ததும் ஒரு கம்பெனிக்கு அனுப்பினேன். நாலே நிமிடத்தில் பதில். உங்கள் விண்ணப்பத்தை மிகவும் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம் என்றிருந்தது.

"நாலு நிமிசத்துல என்னட்டி கவனம்? எனக்கு அரிசி களையவே அதைவிட நேரம் ஆவும்" என்றாள் அம்மா.

அப்பாவின் கவலை வேறு. "ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஒருத்தன் ஆபீஸ்ல இருந்து வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கான் பாரு. பாவம், அவனுக்கு லீவு கூடக் கிட்டல."

மென்பொருளுக்குப் பிடித்த சொற்கள் இருக்கின்றன, அவற்றைச் சேர்த்தால் உள்ளே விடும் என்று ஒரு தோழி சொன்னாள். சேர்த்தேன். சேர்க்கவும் ஒரு மென்பொருள்தான் உதவியது. கடைசியில் என் பயோடேட்டாவை நானே படித்தபோது, இந்தப் பெண் யாரோ கெட்டிக்காரியாக இருக்கிறாளே என்று பொறாமையாக இருந்தது. எழுதியது ஒரு மெஷின், படிப்பது இன்னொரு மெஷின், நடுவில் நான் எதற்கு என்றும் புரியவில்லை. நிராகரிப்பு வரும் நேரம் மட்டும் நாலு நிமிடத்திலிருந்து ஆறு நிமிடமாயிற்று. அதை முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்படியே ஓணம் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று. அப்பாவுக்கு இதெல்லாம் புரியாத வியாபாரம். அவர் கடைக்கு ஆள் எடுக்கும் முறையே வேறு. வந்தவனை ஒரு சாக்கு உளுந்துக்கு முன்னால் நிறுத்துவார். அவன் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தால் வேலை உண்டு. சம்பளம் என்ன என்று முதலில் கேட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். ஆளைப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை.

"மக்ளே, விஷு வரைக்கும் பாரு" என்றார் ஒருநாள். "அதுக்குள்ள கிட்டலேன்னா நம்ம கடையில வந்து இரி. பில்லு போட ஆள் வேணும்லா."

அவர் அன்போடுதான் சொன்னார். கடை வேலை கேவலம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் சாலைக்கடைத் தெருவில் நான் பிறந்ததிலிருந்தே 'பருப்புக்கடை மொதலாளியோட மகள்'. பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது அவர் சொல்லி. கல்லூரிக்குப் போக பஸ் பாஸ் கிடைத்தது கூட அவர் சொல்லி. அப்பாவை அறியாத ஒரே ஒரு ஆள் என்னைப் பார்த்து, வா என்று சொல்ல வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதற்குச் சித்திரை விஷு வரை நேரம்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. என் பயோடேட்டாவை ஐம்பது பிரதி எடுத்து, வெளியே போகும் ஒவ்வொரு சரக்கு பில்லோடும் சேர்த்துப் பின் அடித்து அனுப்பினார். அதில் என் புகைப்படமும் இருந்தது. மூன்றாம் நாள் கோவளத்து ஹோட்டல்காரர் ஒருவர் போன் செய்தார். துவரம்பருப்பு நன்றாக இருந்தது, பெண்ணும் லட்சணமாக இருக்கிறாள், நட்சத்திரம் என்ன என்று கேட்டார். அப்பா மிகுந்த கௌரவத்துடன் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டுத்தான், இது கல்யாணத்துக்கு இல்லை, ஜோலிக்கு என்று விளக்கியிருக்கிறார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு கம்பெனியிலிருந்து நேர்காணல் என்று செய்தி வந்தது. கழக்கூட்டம் பக்கம் ஆபீஸ், வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதும் வேலை. நான் துள்ளிக் குதித்து முழுவதும் படித்த பிறகுதான், நேர்காணல் செய்வதும் மெஷின் என்று தெரிந்தது. ஒரு லிங்க் அனுப்புவார்கள். திறந்தால் கேள்வி திரையில் வரும், கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமை மாலைக்குள் நமக்கு வசதியான நேரத்தில் செய்யலாம். நிபந்தனைகள் மட்டும் கண்டிப்பானவை. அறையில் தனியாக இருக்க வேண்டும். வேறு முகம் தெரியக்கூடாது. தெரிந்தால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையில் கதவு சாத்தப்படும்.

ஒத்திகை பார்க்கவும் ஒரு வசதி இருந்தது. எங்கள் வீட்டுச் சுவர்கள் பழைய காலத்துச் சுவர்கள், தெருவைப் பார்த்த முன்னறையில்தான் நெட்வொர்க் கிடைக்கும். அங்கே ஜன்னலைப் பார்த்து மேஜை போட்டு உட்கார்ந்து கேமராவைத் திறந்தேன். அறையில் பதினேழு பேர் இருக்கிறீர்கள் என்றது அது.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர் முழுக்கக் காலண்டர்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மொத்தக்கடை என்றால் ஒவ்வொரு பருப்பு மில்லும், எண்ணெய்க் கம்பெனியும், சாக்கு வியாபாரியும் வருடப் பிறப்புக்கு ஒரு சாமி படம் போட்ட காலண்டர் அனுப்புவார்கள். அனுப்பினால் மாட்டியாக வேண்டும். மில் ஏஜென்ட் கடைக்குள் கால் வைத்ததும் முதலில் தேடுவது தன் மில்லின் காலண்டரைத்தான். போன வருடம் ஒருவர் தன்னுடையதைக் காணாமல் முகம் கறுத்துப் போய், அடுத்த லோடை எங்களுக்குக் கடைசியாக இறக்கினார். கடைச் சுவர் நிறைந்துவிட்டால் மீதி மாடிக்கு வரும். ஏஜென்ட் கேட்டால், 'உங்களுடையதை வீட்டிலேயே மாட்டியிருக்கிறேன்' என்று அப்பா மேலே கூட்டி வந்து காட்டுவார். அவர்களும் நெகிழ்ந்துபோவார்கள்.

"கழட்டிரலாம்மா" என்றேன், கூப்பிட்டதும் வந்த அம்மாவிடம்.

"நாக்கைக் கடி. வருசம் முடியாம சாமியைக் கழட்டுவாங்களா?" என்ற அம்மா, திரையை எட்டிப் பார்த்து ஒவ்வொரு முகத்தின் மேலும் மெஷின் போட்டிருந்த சின்னச் சின்னக் கட்டங்களை எண்ணினாள். அவள் முகம் மாறியது. "ஏட்டி, பிள்ளையாரை எண்ணவே இல்லையே!"

உண்மைதான். யானை முகம் அதன் கணக்கில் வரவில்லை. அம்மாவுக்கு அந்தக் கம்பெனி மேல் அப்போதே மரியாதை போய்விட்டது.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். கோவிலில் நிவேதனத்துக்குத் திரை போடுவதில்லையா, அதுபோல ஒரு மறைப்பு. பீரோவிலிருந்து புது வேட்டி ஒன்றை எடுத்துச் சுவரின் இந்த ஆணியிலிருந்து அந்த ஆணி வரை கட்டினார். ஒத்திகை பார்த்தோம். ஒரே ஆள் என்றது. மூன்று பேரும் பெருமூச்சு விட்டோம். ஃபேனைப் போட்டால் வேட்டி பறக்கும், அதனால் ஃபேன் கூடாது என்றும் முடிவாயிற்று.

புதன்கிழமை காலை எமகண்டம் கழிந்து ஒன்பதே காலுக்கு அம்மா எல்லாச் சாமிக்கும் விளக்குக் காட்டி, மன்னிப்புக் கேட்டு, வேட்டியை இழுத்து விட்டாள். "நடை சாத்தியாச்சு, தொடங்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அப்பா கீழே, இன்று சரக்கு இறக்க வேண்டாம், இறக்கினாலும் சத்தம் போட வேண்டாம் என்று லோடு இறக்குபவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். சாலைக்கடை முழுவதும் ஒரு அரை மணி நேரம் எனக்காக வாயைப் பொத்திக்கொண்டது போல இருந்தது.

முதல் இரண்டு கேள்விக்கு நன்றாகவே சொன்னேன். மார்ச் மாதத் திருவனந்தபுரம், ஃபேன் இல்லை, ஜன்னல் வெயில் நேராக முகத்தில். நெற்றியில் வைத்த விபூதி வியர்வையில் இறங்கிப் புருவத்துக்கு வந்துவிட்டது. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஸ்விட்ச் கதவுக்கு வெளியேதான் இருக்கிறது. பிள்ளை வேகிறாளே என்று போட்டுவிட்டாள்.

திரையில் மூன்றாவது கேள்வி: குழுவாகச் சேர்ந்து ஒரு நெருக்கடியைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வேட்டி ஒரு முறை உப்பியது. இடது ஆணி கழன்றது. என் தோளுக்குப் பின்னால் விருதுநகர் உளுந்து மில்லின் ஆறுமுகப் பெருமான் வள்ளி, தெய்வானையோடு காட்சி கொடுத்தார். அறையில் ஒன்பது பேர் இருக்கிறீர்கள், இது முதல் எச்சரிக்கை என்றது திரை.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அது அம்மா வழிச் சொத்து. இருந்தாலும் முதலில் ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். இவர்கள் மனிதர்கள் இல்லை, படம் என்றேன். இரண்டாவது எச்சரிக்கை வந்தது. ஒரு வருட நாலு நிமிடங்களும் ஆறு நிமிடங்களும் ஒன்றாகத் தலைக்கு ஏறின. எழுந்து நின்று காலண்டரைச் சுட்டிக்காட்டி, எங்கள் வீட்டுத் தமிழிலேயே கத்தினேன்.

"ஏய், கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு? முகந்தான் ஆறு, ஆள் ஒண்ணுதான்! அந்தப் பக்கம் ரெண்டும் அவரு வீட்டுக்காரிங்க. அவுங்களா எனக்குப் பதில் சொல்லித் தாராங்க? அவுங்க சொல்லித் தந்திருந்தா நான் ஏன் ஒரு வருசமா வீட்ல கெடக்கேன்?"

மூன்றாவது எச்சரிக்கை. உங்கள் நேர்காணல் முடிவடைந்தது, நன்றி.

அம்மா ஓடிவந்தாள். நான் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று பார்த்தால், ஸ்விட்ச் போட்ட கையைத் தானே இரண்டு அடி அடித்துக்கொண்டு அவளும் அழ ஆரம்பித்தாள். கடைசியில் நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. ஃபேன் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்த முறை நாலு நிமிடத்தில் பதில் வரவில்லை. நாலு நாளும் வரவில்லை. விஷுவுக்குப் பத்து நாள் இருக்கையில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. ஒரு பெண் குரல், மலையாளம். அந்தக் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றது.

நான் சந்தேகத்தோடு கேட்டேன், "நீங்க ஆளா, மெஷினா?"

"ஆளுதன்னே, ஆளுதன்னே" என்று சிரித்தார் அவர். "மோளே, ஒரு காரியம் சொல்லு. அவிடெ ஆகெ ஒம்பது பேரோ, நாலு பேரோ?"

"என்னையும் சேத்தா நாலு" என்றேன்.

மெஷின் பாதியில் நிறுத்துகிற வீடியோக்களை ஒரு ஆள் பார்த்துச் சரிதானா என்று சொல்வதற்கு அங்கே ஒரு சின்னப் பிரிவு உண்டாம். போனில் பேசிய இந்தச் சேச்சிதான் அதற்குத் தலைவி. என் வீடியோவை மூன்று முறை பார்த்தாராம். முதல் முறை வேலையாக, அடுத்த இரண்டு முறை மற்றவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சிரிப்பதற்காக. நான் விண்ணப்பித்த வேலையை இப்போது மெஷினே செய்கிறது, அது இல்லை என்றார். "பக்ஷே, நம்ம செக்‌ஷன்ல தமிழ் வீடு அறியுந்ந ஒரு ஆள் இல்லா. மெஷினெ இங்ஙனெ வழக்கு பறயான் தைரியமுள்ள ஆளும் இல்லா. வருந்நோ?"

தமிழ் வீடு தெரிந்தவள், மெஷினைத் திட்டத் தைரியம் உள்ளவள், வா. அப்பாவை அறியாத ஒருத்தி என்னிடம் சொல்லிவிட்டாள். நான் படியில் நாலு நாலாக இறங்கிக் கடைக்குள் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா எடைத் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டார்.

"சிபாரிசு இல்லாம ஜோலி கிட்டாதுன்னு நான் அப்பவே சொன்னேம்லா" என்றார். "உனக்குச் சொல்லியிருக்கது ஆரு தெரியுதா? ஆறுமுகம்!"

அன்று அவர் கடையில் எல்லோருக்கும் பாயசம் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது தினமும் கிழக்கேகோட்டையிலிருந்து பஸ் ஏறிக் கழக்கூட்டம் போகிறேன். மெஷின் தடுத்து நிறுத்திய வீடியோக்களைப் பார்த்து, ஆள் அல்லது ஆள் இல்லை என்று ஒரு பொத்தானை அழுத்துவதுதான் வேலை. மாலை போட்ட தாத்தா படம், கதவில் ஒட்டிய நடிகர், தையல்கடை பொம்மை, அலமாரிக் கண்ணாடியில் தெரியும் அவர்களுடைய முகமே, எல்லாம் வரும். ஒருமுறை ஒரு கை மட்டும் ஓரத்திலிருந்து நீண்டு மேஜையில் மோர் டம்ளரை வைத்துவிட்டு மறைந்தது. அது ஆள்தான், சந்தேகமில்லை. ஆனால் முகம் தெரியவில்லையே என்று சட்டம் பேசி விட்டுவிட்டேன். எந்த வீடியோவைத் திறந்தாலும் முதலில் நான் பார்ப்பது மேலே ஃபேன் ஓடுகிறதா என்றுதான். பெரும்பாலும் ஓடாது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சேச்சி ஒன்று சொல்லியிருந்தார். ஒப்பந்தம் ஒரு வருடம். நான் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானையும் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளும். அது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டால் பிரிவுக்கு ஆள் தேவைப்படாது. இன்னும் தப்புச் செய்துகொண்டிருந்தால் ஒப்பந்தம் நீளும். சேச்சிக்கும் அதே கதிதான். சொல்லிவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறந்து எனக்குப் பாதி அவியல் வைத்தார்.

இரண்டு மாதத்தில் ஆறுமுகன் படங்கள் என் திரைக்கு வருவது நின்றுவிட்டது. மெஷின் கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொடுத்தவள் நான் என்று முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று எண்ணிப் பார்த்தேன்.

வீட்டில் சொன்னேன். அன்று முதல் அம்மா சாயங்காலம் விளக்கேற்றும்போது, உலகத்தில் எந்தத் தாயும் கேட்டிருக்காத ஒரு வரத்தைக் கேட்கத் தொடங்கினாள். "முருகா, அந்த மெஷினுக்குப் படிப்பு ஏறப்படாது."

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேள்வி வரும். "இன்னைக்கு என்னத்தத் தப்பா எண்ணிச்சு?" அந்த வீடியோக்களில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி வெளியே பேசக்கூடாது. சாமிகளைப் பற்றிப் பேசலாம் என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அர்த்தநாரீசுவரரை ஒன்றா இரண்டா என்று தெரியாமல் தடுமாறியது என்று சொன்ன அன்று அம்மா எனக்கு நெய்த் தோசை வார்த்தாள்.

அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். விஷுவுக்குக் கடைக்கு வந்திருக்க வேண்டிய மகள் பஸ்ஸில் போகிறாளே என்று அவருக்கு உள்ளுக்குள் வருத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒப்பந்தம் முடிந்தால் மகள் கடைக்கு வந்துவிடுவாள். அவருக்கு லாபம்தானே.

புரட்டாசியில் அந்த விருதுநகர் உளுந்து மில் ஏஜென்ட் வந்தார். அடுத்த வருடக் காலண்டர் அச்சுக்குப் போகும் நேரம். ஆல்பத்தைப் பிரித்து, இந்த வருடம் ஆறுமுகனுக்கு நல்ல வரவேற்பு, அதையே திரும்ப அடிக்கலாமா என்று அப்பாவிடம் அபிப்பிராயம் கேட்டார். நான் லீவு, கடையில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆறுமுகம் வேண்டாம்" என்றார் அப்பா. "அதை அது படிச்சாச்சு."

"எது?"

"அது உமக்கு மனசிலாவாது. விசுவரூபம் இருக்கா? அந்தக் குருசேத்திரத்துல எடுத்த ரூபம். தலைக்கு மேல தலை, பக்கத்துக்குப் பக்கம் தலை. எண்ணி முடியப்படாது, அப்படி ஒண்ணு பாரும்."

ஏஜென்ட் ஆல்பத்தைப் புரட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பயறு பொறுக்குவதுபோல ஒவ்வொரு தலையாக விரலால் தொட்டு எண்ணினார். பாதியில் விட்டுவிட்டார். "இது போதும். நம்ம கடைக்கு மட்டும் பத்தாது கேட்டீரா. திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை, எல்லா ஊருக்கும் இதையே அடியும். ஒரு வீடு விடப்படாது."

நான் கணக்கு நோட்டைத் தலைகீழாகப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அழுவது அவருக்குத் தெரிந்தால் வெட்கப்படுவார்.

ஜனவரி இரண்டாம் வாரம் அது வந்தது. மதுரைப் பக்கம் ஏதோ ஒரு வீடு. என் வயதுப் பெண், நெற்றியில் விபூதி கரைந்து புருவத்துக்கு இறங்கியிருந்தது, பின்னால் சுவரில் விசுவரூபம். மெஷின் மூன்று எச்சரிக்கையும் கொடுத்து அவளை வெளியே தள்ளியிருந்தது. அவள் என்னைப்போல் கத்தவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தாள், எதுவும் புரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

என் கை பொத்தானுக்கு மேலே நின்றது. ஆள் இல்லை என்று அழுத்தினால் அவளுக்குக் கதவு திறக்கும், மெஷின் விசுவரூபத்தையும் கற்றுக்கொள்ளத் தொடங்கும். ஆள் என்று அழுத்தினால் அது முட்டாளாகவே இருக்கும், எனக்குச் சில மாதம் கூடும். யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை எழுத இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவள் வீட்டு ஃபேனைப் பார்த்தேன். நின்றிருந்தது. ஆள் இல்லை என்று அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் கடைக்குள் போய் அப்பாவிடம் சொன்னேன். "உங்க விசுவரூபம் வந்துச்சுப்பா."

அவர் முதல்முறையாகக் கேட்டார். "எத்தனைன்னு எண்ணிச்சு?"

"இருபத்திமூணு."

அப்பா சாக்கிலிருந்து ஒரு பிடி உளுந்தை அள்ளி, முகர்ந்து பார்த்து, திரும்பப் போட்டார்.

"கொறைவாத்தான் எண்ணியிருக்கு" என்றார். "படிச்சு முடிக்க இன்னும் நாள் ஆவும், மக்ளே. நீ போய்ச் சாப்பிடு."